ஆகாயத்துக்குப் போய் வந்த தெர்மாகோல் பெட்டி

ஒரு ஊர்ல ஒரு தெர்மாகோல் பெட்டி இருந்துச்சு தாயி. மீனை ஐஸ் போட்டு அனுப்புவாங்கல்ல, அந்த மாதிரி வெள்ளைப் பெட்டி. அது மேகத்துக்கும் மேல போயிட்டு வந்த கதை இது. ம் சொல்லு. நீ ம் சொன்னாத்தான் பெட்டி கிளம்பும்.

ம்.

அந்த ஊரு கடலோரம். பாக்குற பக்கமெல்லாம் உப்பளம். அங்க ஒரு சர்க்கார் பள்ளிக்கூடம். அதுல ஒன்பதாம் வகுப்புல ஒரு பொண்ணு, பேரு மாடத்தி. அப்பனும் ஆத்தாளும் உப்பு வாருறவங்க. மாடத்திக்கு ஒரு குணம். யாராவது ஒரு சொல்லு சொல்லிட்டா மறக்க மாட்டா. நாலாங்கிளாஸ்ல ஒருத்தி இவளை மூக்குச்சளின்னு சொன்னதுக்கு இன்னும் அவகூடப் பேச்சு கிடையாது. சரிதானே? எதுக்கு மறக்கணும்?

அப்போ ஒரு நாள் அறிவியல் டீச்சர், சொர்ணலதா டீச்சர், வகுப்புக்கு வந்து சொன்னாங்க. "பிள்ளைகளா, நாம ஒரு பெட்டி செய்யப் போறோம். உள்ள ஒரு கேமரா போன். அதைப் பெரிய பலூன்ல கட்டி முப்பது கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்புவோம். ஏரோப்பிளேன் பறக்குறதைப் போல மூணு மடங்கு உயரம். அங்க பலூன் வெடிச்சிரும். பெட்டி பாராசூட்ல இறங்கி வரும், படத்தோட."

பிள்ளைக வாயைப் பொளந்துட்டு உக்காந்திருந்துச்சுக.

அப்புறம் பலூனும் கேஸும் குடுக்க வேண்டிய ஆபீசர் ஒருத்தர் வந்தாரு. பிள்ளைகளோட உப்புப் பூத்த காலைப் பாத்தாரு. சிரிச்சாரு. "உப்பு வாரப் போற பிள்ளைகளுக்கு ஆகாயம் எதுக்கு டீச்சர்? சரி, ஒரே ஒரு பலூன் தர்றேன். பெட்டி படத்தோட திரும்பி வந்தா மேற்கொண்டு பேசுவோம். வரலையா, இந்தப் பள்ளிக்கூடத்துல இருந்து இனி யாரும் எங்கிட்ட எதுவும் கேட்டு வரக் கூடாது."

மாடத்தி அந்தச் சிரிப்பை அப்படியே மடிச்சு மனசுக்குள்ள வெச்சுக்கிட்டா. சடக்குன்னு கையைத் தூக்கி, "டீச்சர், பெட்டியை நான் செய்யுதேன்"னா.

எப்படிச் செஞ்சா தெரியுமா? உப்பளத்துல குடிக்கிற தண்ணிப் பானையைச் சுத்தி ஈரச் சாக்குக் கட்டி வைப்பாங்க. கொளுத்துற வெயில்லயும் தண்ணி ஜில்லுன்னு இருக்கும். மாடத்தி அதையே செஞ்சா. பெட்டியில காத்துப் போக எட்டு ஓட்டை போட்டா. சுத்தி ஈரச் சாக்கைக் கட்டினா. மேல போகப் போக சூரியன் கிட்ட வருதுல்ல, போன் வெந்துராம இருக்கணுமே!

அவகூட உக்காருறவ சகாயமேரி. மீன் பிடிக்கிறவங்க வீட்டுப் பிள்ளை. அவ சொன்னா, "ஏட்டி, மேல போனா குளிரும்ட்டி. ஊட்டி மேலதான இருக்கு? அங்க எல்லாரும் ஸ்வெட்டர் போட்டுட்டுத் திரியுதாங்க."

"நீ ஊட்டியைப் பாத்தியா?"

"எங்க சித்தி பாத்திருக்கா."

"அப்போ உங்க சித்தியையே பெட்டி செய்யச் சொல்லு."

அவ்வளவுதான். அன்னையில இருந்து ரெண்டு பேருக்கும் பேச்சு இல்லை. ஒரே பெஞ்சு, நடுவுல பைக்கட்டு.

ம்?

ம்.

டீச்சர் பாத்தாங்க. "யாரு சொல்றது சரின்னு நான் சொல்ல மாட்டேன். பெட்டியையே கேப்போம். வெயில்ல ஒரு தடவை, குளிர்ல ஒரு தடவை, மேல இருந்து கீழ போட்டு ஒரு தடவை"ன்னாங்க.

முதல்ல வெயில். உச்சி வெயில்ல பெட்டியை உப்பு அம்பாரத்து மேல வெச்சாங்க. தகதகதகன்னு எரியுது. மூணு மணி நேரம் கழிச்சுத் திறந்தா, போன் சும்மா ஜம்முனு படம் எடுத்துட்டு இருக்கு! மாடத்தி சகாயமேரியை ஒரு பார்வை பாத்தா பாரு, அந்தப் பார்வையிலயே ஒரு மீனைச் சுட்டுரலாம்.

அப்புறம் குளிர். மீன் கம்பெனி ஐஸ் ரூம்ல சகாயமேரியோட பெரியப்பா சூசை வேலை பாக்குறாரு. அவரு கதவை க்ரீச்சுனு திறந்து, நெத்திலிக் கூடைக்குப் பக்கத்துல பெட்டியை வெச்சாரு. ஒரு மணி நேரம் ஆச்சு. எடுத்தா, ஈரச் சாக்கு பலகை மாதிரி விறைச்சுப் போயிருக்கு. தட்டினா டொக்கு டொக்குங்குது. போனை அமுக்குறாங்க. ஊஹூம்.

சூசை சொன்னாரு, "எங்க நெத்திலியெல்லாம் சொகமாத்தான் இருக்கு. உங்க ராக்கெட்டுதான் செத்துப் போச்சு."

எல்லாரும் கெக்கெக்கேன்னு சிரிச்சாங்க. சகாயமேரி மட்டும் சிரிக்கலை. மாடத்தி அதையும் பாத்துக்கிட்டா. சிரிச்சவங்களை மட்டுமா ஞாபகம் வைப்பா அவ?

டீச்சர் கேட்டாங்க, "மாடத்தி, உப்பளத்துல முதல்ல சுடுறது தலையா, காலா?"

"காலு டீச்சர்."

"ஏன்? சூரியனுக்குப் பக்கத்துல இருக்கிறது தலைதானே?"

மாடத்தி தன் காலைப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம் மெதுவாச் சொன்னா, "தரைதான் சுடுது. சூரியன் தரையைச் சுட வைக்குது, தரை காத்தைச் சுட வைக்குது. அப்போ தரையை விட்டு மேல போகப் போக..."

"ஆமா. சூரியன் இருக்கிற தூரத்துக்கு நம்ம முப்பது கிலோமீட்டர் ஒரு அடி வைக்கிறதுக்குக் கூடக் காணாது. அங்க காத்தும் கொஞ்சம். சூட்டைப் பிடிச்சு வைக்க ஆள் கிடையாது. ஐஸ் ரூமை விடக் குளிரும்."

அப்போ மாடத்தி என்ன பண்ணினா? பன்னெண்டு நாளாப் பேசாதவ பைக்கட்டை எடுத்துக் கீழ வெச்சா. "ஏட்டி மேரி, நீ சொன்னதுதான் சரி"ன்னா. அதைச் சொல்லுறதுக்குள்ள அவளுக்கு உசுரே போயிட்டு வந்துச்சு.

"எங்க சித்திட்ட சொல்லிருதேன்"னா சகாயமேரி.

ரெண்டு பேருமாச் சேந்து சாக்கை அவுத்து எறிஞ்சாங்க. எட்டு ஓட்டையையும் அடைச்சாங்க. கேமரா கண்ணுக்கு மட்டும் சின்னதா ஒரு கண்ணாடிச் சன்னல். சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிச்சு, பளபளன்னு இருக்கிற பக்கம் தெரியுற மாதிரி உள்பக்கம் சுத்தி ஒட்டினாங்க. போன் தன் சூட்டுலயே குளிர் காயட்டும்னு. வெயில்ல வெச்சதும் போனுக்கு உசுரு திரும்பிருச்சு. மறுபடி ஐஸ் ரூம். ரெண்டரை மணி நேரம். போன் சாகலை!

மூணாவது, விழுறது. தண்ணித் தொட்டி மேல இருந்து பெட்டியை விட்டாங்க. பழைய குடைத் துணியில தச்ச பாராசூட் இப்படியும் அப்படியும் தலையாட்டி, கவுந்து, தொப்! ஒரு மூலை நசுங்கிப் போச்சு. டீச்சர் நடுவுல ஒரு ஓட்டை போடச் சொன்னாங்க. "ஓட்டைக் குடையா டீச்சர்?"ன்னு பிள்ளைக சிரிக்குது. போட்டாங்க. மாட்டிக்கிட்ட காத்து அது வழியாப் போயிருச்சு. பெட்டி ஆடாம அசையாம, பூ விழுற மாதிரி இறங்குச்சு.

தூங்கிட்டியா?

ம்ஹும்.

அப்புறம் அந்த நாள் வந்துச்சு. விடிஞ்சதும் பள்ளிக்கூட மைதானத்துல புஸ்ஸ்ஸ்ஸுன்னு கேஸ் ஏத்துறாங்க. பலூன் எந்திரிச்சு நிக்குது, பிள்ளைகளைப் போல ரெண்டு ஆள் உசரம். மாடத்தி கயித்தை விட்டா. விர்ர்ர்ருன்னு போச்சு. பனங்காய் அளவு, எலுமிச்சை அளவு, கடுகளவு. அப்புறம் இல்லை.

உள்ள ஒரு சின்னக் கருவி இருக்கு. பெட்டி தரைக்கு வந்தாத்தான் அது எங்க இருக்கேன்னு டீச்சர் போனுக்குச் சேதி அனுப்பும். ஒரு மணி நேரம். ரெண்டு மணி நேரம். மூணு மணி நேரம். ஒரு சேதியும் இல்லை. மாடத்தி வானத்தையே அண்ணாந்து பாத்துட்டு நிக்குறா. குளிர்ல விறைச்சிருக்குமோ? கடல்ல விழுந்திருக்குமோ? அந்த ஆபீசரோட சிரிப்புச் சத்தம் காதுக்குள்ள கேக்குது.

அப்போ... டிங்!

லோடு ஆட்டோ பிடிச்சு ஓடினாங்க. செம்மணல் மேடா கிடக்குற தேரிக்காட்டுக்குள்ள ஒரு முந்திரி மரத்துல தொங்கிட்டு இருந்துச்சு பெட்டி. மாடத்தி மூடியைத் திறந்து கையை உள்ள விட்டா. இதமா ஒரு சூடு. அப்பத்தான் கோழி இட்ட முட்டையைத் தொட்ட மாதிரி.

பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து படத்தைப் போட்டாங்க. முதல்ல இவங்க மூஞ்சிகளே அண்ணாந்து பாக்குது. அப்புறம் உப்பளமெல்லாம் கண்ணாடிச் சில்லு. அப்புறம் கடலும் கரையும். அப்புறம், தாயி, பட்டப்பகல்ல வானம் கன்னங்கரேல்னு கறுத்துப் போச்சு. கீழ பூமி வளைஞ்சு நிக்குது. அதோட விளிம்புல நூல் மாதிரி ஒரு நீலக் கோடு.

"அந்தக் கோடுதான் நம்ம காத்து. உலகத்துல எல்லா உசுரும் மூச்சு விடுறது அதுக்குள்ளதான்"னாங்க டீச்சர்.

ஆபீசரும் வந்திருந்தாரு. "அடுத்த பலூன் எப்போ வேணும் டீச்சர்?"னு கேட்டாரு. மாடத்தி அவரை மன்னிக்கலை. ஆனா திரும்பியும் பாக்கலை. அவளுக்கு நேரமில்லை. படத்துல இருந்து கண்ணை எடுக்க முடியலை அவளால.

"டீச்சர், இந்தக் கறுப்பு எது வரைக்கும் போகுது?"

டீச்சரும் கிட்டப் போய் அந்தக் கறுப்பைப் பாத்தாங்க. "தெரியலை மாடத்தி. இது வரைக்கும் யாருக்குமே தெரியாது"ன்னாங்க.



ம் சத்தத்தைக் காணோமே? சரி, கதை அவ்வளவுதான். கண்ணை மூடு. உள்ள கறுப்பாத் தெரியுதுல்ல? அதுலயே மெல்ல மேல போ. தூங்கு தாயி.