பாதித் தெருவுக்கு வந்த கற்கள்

ஒரு நகரத்தின் நடுவில் இருந்த பஜாரை அழகாக்க மாநகராட்சி முடிவு செய்தது. நடைபாதையில் கிடந்த கருங்கற்களைப் பெயர்த்துவிட்டு, பளபளக்கும் டைல்ஸ் பதித்தார்கள்.

பெயர்த்துக் குவித்த கற்களில் ஒன்று கேட்டது: "நாங்கள் உடையக்கூட இல்லையே. ஏன் எடுத்தார்கள்?"

"உடைய வேண்டியதில்லை, பழசானால் போதும்" என்றது புது டைல்.

கற்களை ஊருக்கு வெளியே ஒரு பள்ளத்தில் கொட்டுவதற்காக லாரியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார் டிரைவர் மைதீன். போகிற வழியில் உப்புக்கிணற்றுத் தெரு. பஜாரிலிருந்து கூப்பிடு தூரம்தான். ஆனாலும் அங்கே தார் விழுந்ததே இல்லை. மழை பிடித்தால் தெரு முழுக்கச் சேறு.

தெருமுனையில் தங்கபுஷ்பம் என்ற பெண் லாரியை மறித்தாள். அவள் கணவன் செல்லத்துரைக்குக் கால் வராது. மூன்று சக்கர வண்டியில் பஜாருக்குப் போய் செல்போன் ரிப்பேர் பார்ப்பவன். சேற்றில் சக்கரம் புதைந்துவிடும் என்பதால், ஐப்பசியில் வீட்டுக்குள் போனால் தை மாதம்தான் வெளியே வருவான்.

"அண்ணாச்சி, இந்தக் கல்ல எங்க கொண்டு போறீய?"

"பள்ளத்துல தட்டத்தாம்மா."

"எங்க தெருவும் பள்ளந்தான். இங்கனயே தட்டுங்க."

மைதீன் தெருவை எட்டிப் பார்த்தார். பிறகு வண்டியைத் தெருவுக்குள் பின்னால் எடுத்தார்.

கற்கள் சேற்றில் விழுந்தன. "எங்களை விழுங்கிவிடாதே" என்று ஒரு கல் கெஞ்சியது.

"எனக்கென்ன ஆசையா?" என்றது சேறு. "நான் மழைத்தண்ணீர்தான். போக வழியில்லாமல் நின்று நின்று இப்படி ஆகிவிட்டேன்."

அது தங்கபுஷ்பத்தின் காதில் விழுந்ததோ என்னவோ, "மொதல்ல தண்ணி போக வாய்க்கா வெட்டுவோம். பெறவு கல்லப் பாவுவோம்" என்று அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை தெருவே மண்வெட்டியோடு இறங்கியது. "ஓடுவது இத்தனை சுகமா!" என்று சிரித்துக்கொண்டே போனது தண்ணீர்.

தெருமுனையிலிருந்து பாவிய கற்கள் செல்லத்துரையின் வீட்டு வாசல்வரை வந்து தீர்ந்துபோயின. அதற்கு மேல் பாதித் தெரு சேறாகவே கிடந்தது.

கார்த்திகை மழையில் செல்லத்துரை வண்டியை வெளியே எடுத்தான். சக்கரம் புதையவில்லை. அவன் குனிந்து கல்லைத் தொட்டுப் பார்த்தான். பஜாரில் ஆயிரம் பேர் மிதித்துப் போனார்கள். தொட்டுப் பார்த்தவர் யாரும் இல்லை. கல்லுக்கு உடம்பு சிலிர்த்தது.

செய்தி பரவி, மாநகராட்சி அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார்.

"யாரைக் கேட்டு இந்தக் கல்லைப் போட்டீங்க?"

"பஜார்ல இதப் போட்டது நீங்கதான சார்?" என்றாள் தங்கபுஷ்பம். "இங்கயும் நீங்களே போட்டதா வச்சுக்கிடுங்க. மீதிப் பாதியையும் போட்டுக் குடுத்துட்டுப் போங்க."

கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. கல் முடிகிற இடம்வரை நடந்து போனார். அந்தப் பக்கம் ஒரு கிழவர் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்துகொண்டிருந்தார்.

அதிகாரி ஜீப்பிலிருந்து டேப்பை எடுத்து வரச் சொன்னார். ஷூவைக் கழற்றினார். பேன்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு, சேற்றில் இறங்கி, அளந்துகொண்டே கடைசி வீடு வரை போனார்.

உப்புக்கிணற்றுத் தெருவுக்குக் கடைசி வீடு என்று ஒன்று இருப்பது அன்றுதான் மாநகராட்சிக்குத் தெரிந்தது.