மரியாதையான குடும்பத்துப் பெண்கள்

டொரொன்டோ கோயில் ஒன்றில் சமையலுக்கு உதவும் தவமலர், மார்புப் புற்றுநோய்க்குத் தங்கச்சியைப் பறிகொடுத்தவள். அன்று கோயில் வாசலில் அந்த நோய்க்கான இலவசப் பரிசோதனை வண்டி நின்றது. வெட்கத்தில் ஒரு பெண்ணும் ஏறவில்லை. ஒலிபெருக்கியில் அறிவிக்கலாமா என்று தலைவர் சபாநாதனிடம் கேட்டாள்.

"மரியாதையான குடும்பத்துப் பொம்பிளை ஒராள் முதல்ல ஏறட்டும். பிறகு பாப்பம்," என்றார் அவர். அப்படி யாரும் ஏறமாட்டார்கள் என்பது அவருடைய எண்ணம்.

தவமலர் அன்னதானப் பந்தியில் குழம்பு ஊற்றிக்கொண்டே ஒவ்வொருத்தியிடமும் சொன்னாள்: "மரியாதையான குடும்பத்துப் பொம்பிளையள்தான் முதல்ல ஏறவேணுமெண்டு தலைவர் சொல்லிப்போட்டார், அக்கா."

கை கழுவிய பெண்கள் நேரே வண்டிக்குப் போனார்கள். தலைவர் வெளியே வந்து பார்த்தபோது வரிசையின் முன்னால் அவருடைய மனைவி நின்றாள்.

"நீர் ஏன் இஞ்ச நிக்கிறீர்?"

"பின்னை? நான் கடைசியில நிண்டால் எங்கட குடும்பத்தைப் பற்றிச் சனம் என்ன நினைக்கும்?"