காலிக் கவர்

ஃபிளாஸ்க் வாங்கி, அதன் அட்டைப்பெட்டியிலுள்ள மயில் முத்திரையை வெட்டித் தபாலில் அனுப்பினால் இருநூறு ரூபாய் திரும்பக் கிடைக்கும் என்று ஒரு கம்பெனி விளம்பரம் செய்தது. கோவில்பட்டியே வாங்கி அனுப்பியது. மேனேஜர் தாமோதரன் எல்லோருக்கும் ஒரே பதில்தான் போட்டார்: "காலிக் கவர்தான் வந்தது." சண்டைக்குப் போனால் அந்தக் கவரையே எடுத்துக் காட்டுவார்.

மருந்துக் கடைகளுக்குக் கவர் ஒட்டிக்கொடுக்கும் செண்பகவல்லியும் ஒரு ஃபிளாஸ்க் வாங்கினாள். இருநூறு ரூபாய் அவளுக்கு இரண்டு நாள் கூலி.

அவள் நீட்டிய கவரைத் தடவிப் பார்த்த தபால் ஆபீஸ் குமாஸ்தா, "உள்ளே ஒண்ணுமே இல்லையேம்மா" என்றார்.

"இல்லைதான் சார். ரிஜிஸ்டர் பண்ணிடுங்க."

பதில் வந்தது. அதே பதில். செண்பகவல்லி கம்பெனிக்குப் போனபோது அங்கே ஏழெட்டுப் பேர் முறையிட்டுக்கொண்டிருந்தார்கள்.

தாமோதரன் அவள் கவரைத் தேடியெடுத்து எல்லோர் முன்னாலும் கவிழ்த்து உதறினார். "காலி. இது நீ அனுப்பின கவர்தானேம்மா?"

"என் கவர்தான் சார். வெறும் கவரைத்தான் அனுப்பினேன். ஒட்டின இடத்தைக் கொஞ்சம் பிரிச்சுப் பாருங்க."

பிரித்தார். உட்புறத்தில் மயில் தோகை விரித்து நின்றது. கவரே கம்பெனிப் பெட்டியை வெட்டி ஒட்டியதுதான்.

கூட்டம் மேஜையை நெருங்கியது. தாமோதரன் அவசரமாகப் பணத்தை ஒரு கவரில் போட்டு நீட்டினார். செண்பகவல்லி அங்கேயே அதைத் திறந்து உள்ளே பார்த்தாள்.

"தப்பா நினைக்காதீங்க சார். உங்க கைக்கு வர்ற கவரெல்லாம் காலியாயிடுதே."