கடைசிப் பந்தியில் குரு

மலையடிவாரத்தில் ஒரு சிறிய மடம். அதன் தலைவி மெய்யம்மை. வயது முப்பதுதான். அவரைத் தேடி வருகிறவர்களில் பலருக்குப் பேரன் பேத்தி உண்டு. முதல் நாள் 'இந்தச் சின்னப் பெண்ணிடமா?' என்று தயங்குவார்கள். அப்புறம் தயங்குவதில்லை.

சீடர்களில் சிற்றம்பலம் மிகத் தீவிரமானவர். ஊருக்குள் பெயின்ட் கடை வைத்திருக்கிறார். ஐம்பத்தைந்து வயது. இரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று டாக்டர் சொன்ன அன்றே ஆள் மாறிப்போனார். வீட்டிலிருந்து வெள்ளைச் சர்க்கரையை ஒழித்தார். மைதாவை விரட்டினார். அப்பளத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். விடியற்காலையில் மைதானத்தில் அவர் கையை வீசிக்கொண்டு நடக்கிற வேகத்தைப் பார்த்து நாய்கள் ஒதுங்கின.

ஒரு நாள் அவர் வாடிய முகத்தோடு மடத்துக்கு வந்தார்.

“தாயே, என் வீட்டில் எல்லோரும் திருந்திவிட்டோம். எனக்குக் காலையில் கேழ்வரகுக் கூழ். மகனுக்கு அவித்த முட்டை, அவித்த கோழி, ஜிம்முக்குப் போகிறான். மகளுக்கு முளைகட்டிய பயறும் பழமும். மனைவிதான் திருந்தவில்லை.”

“என்ன செய்கிறார்?”

“ஒன்றும் செய்வதில்லை, அதுதான் குறை. நடக்கக் கூப்பிட்டால் வேலை கிடக்கிறது என்கிறாள். ஆசனம் என்றால் சிரிக்கிறாள். முந்தாநாள் அடுப்படியில் மயங்கி விழுந்துவிட்டாள். இரத்தம் குறைவு, மாத்திரையோடு நன்றாகச் சாப்பிடவும் வேண்டும் என்கிறார் டாக்டர்.” அவர் குரல் இறங்கியது. “பயமாக இருக்கிறது தாயே. அவளுக்கு ஒழுங்கை எப்படிக் கற்றுக்கொடுப்பது?”

“காலையில் அவர் என்ன சாப்பிடுகிறார்?”

“நாங்கள் சாப்பிட்ட பிறகு சாப்பிடுவாள்.”

“என்ன?”

“வீட்டில் இருப்பதை.”

“எப்போது?”

“அப்போது நான் கடைக்குப் போயிருப்பேன்.”

“நாளை உங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறேன்” என்றார் மெய்யம்மை. “சில நாள் தங்குவேன். உங்கள் மனைவி சாப்பிடும்போது, அவர் சாப்பிடும் இடத்தில், அவர் சாப்பிடுவதைத்தான் சாப்பிடுவேன்.”

குருவே வீட்டுக்கு வருகிறார் என்ற சந்தோஷத்தில் சிற்றம்பலம் மற்றதைக் காதில் வாங்கவில்லை.

மறுநாள் காலை மெய்யம்மை நேராகச் சமையலறைக்குப் போனார். சிற்றம்பலத்தின் மனைவி செண்பகம் ஒரு அடுப்பில் கூழைக் கிண்டிக்கொண்டிருந்தாள். இன்னொன்றில் முட்டை வெந்தது. மூன்றாவதில் கோழி. பயறு பாத்திரத்தில் காத்திருந்தது. ஒவ்வொரு பர்னரிலும் ஒரு கொள்கை எரிந்தது.

“உட்காருங்க தாயே.”

“நீங்கள் உட்காரும்போது உட்காருகிறேன் அக்கா.”

எல்லோரும் சாப்பிட்டு முடித்தார்கள். சிற்றம்பலம் மூச்சுப்பயிற்சிக்கு மாடிக்குப் போனார். செண்பகம் தட்டுகளை எடுத்து வந்தாள்.

“இப்ப நீங்க சாப்பிடலாம் தாயே.”

“நீங்கள்?”

“எனக்குப் பசிக்கல.”

“எனக்கும் பசிக்கவில்லை” என்றார் மெய்யம்மை. அவர் வயிறு அடுத்த அறைவரை கேட்கும்படி உறுமியது.

செண்பகம் தலையைக் குனிந்துகொண்டு பாத்திரம் தேய்க்கத் தொடங்கினாள். பழக்கதோஷம், மகள் மிச்சம் வைத்த ஆப்பிள் துண்டு வாய்க்குப் போனது. மகன் ஒதுக்கிய முட்டையின் மஞ்சள் கருவை எடுக்கக் கையை நீட்டினாள். அதே தட்டில் இன்னொரு கை வந்து அந்த மஞ்சள் கருவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது.

“ஐயையோ! தாயே! அது எச்சில்!”

அந்த அலறலில் சிற்றம்பலம் இழுத்த மூச்சை விடாமலே மாடியிலிருந்து ஓடி வந்தார்.

“என்ன காரியம் செய்கிறீர்கள் தாயே!”

“சாப்பிடுகிறேன்.”

“எச்சிலையா? என் வீட்டிலா?”

“உங்கள் வீட்டில் இது சாப்பாடு என்று நினைத்தேன்” என்றார் மெய்யம்மை.

செண்பகம் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள். குருவுக்கு ஒரு தோசை வார்த்தாள். குரு அதைத் தொடவில்லை. தனக்கும் ஒன்று வார்த்தாள். இருவரும் மேசை முன் உட்கார்ந்தார்கள். செண்பகம் ஒரு விள்ளல் எடுத்தாள்.

“அம்மா, என் சாக்ஸ் எங்கே?” மகனின் குரல்.

செண்பகம் எழுந்தாள். மெய்யம்மையும் எழுந்தார். போனார்கள், எடுத்துக் கொடுத்தார்கள், வந்து உட்கார்ந்தார்கள்.

“அம்மா, சார்ஜரைப் பாத்தியா?” மகள்.

எழுந்தார்கள். உட்கார்ந்தார்கள். கேஸ்காரர் மணி அடித்தார். எழுந்தார்கள். குக்கர் கத்தியது. எழுந்தார்கள்.

சிற்றம்பலத்துக்கு வேர்த்தது. “யாரும் கூப்பிடாதீங்கடா!” என்று வீடு அதிரக் கத்தினார். “தாயார் எழுந்திரிக்கிறாங்க!”

மெய்யம்மை முழங்காலைத் தடவிக்கொண்டார். “இது என்ன ஆசனம் அக்கா?”

“இதுக்குப் பேரெல்லாம் கிடையாது தாயே. எங்க வீட்டுல தினமும் உண்டு” என்று சொல்லிச் செண்பகம் சிரித்தாள். மயங்கி விழுந்த பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். தோசை ஆறிப்போயிருந்தது. இருவரும் அதை முழுவதும் சாப்பிட்டார்கள்.

மதியம் குரு பட்டினியாகக் காத்திருப்பதைச் சிற்றம்பலத்தால் தாங்க முடியவில்லை. சமையல் சீக்கிரம் முடிந்தால் செண்பகம் சீக்கிரம் உட்காருவாள். அவள் உட்கார்ந்தால்தான் குருவும் உட்காருவார். கடையைச் சிப்பந்தியிடம் விட்டுவிட்டுக் கத்தரிக்காய் நறுக்க வந்தார். பெயின்ட் அளந்து பழகிய கை. துண்டு ஒவ்வொன்றும் ஒரு அளவில் விழுந்தது. மகனுக்குத் தேங்காய் துருவும் வேலை. கைத்தசை புடைத்துவிட்டது என்று அவன் கண்ணாடியில் பார்த்து மகிழ்ந்தான். இரண்டே நாளில் தனித்தனிப் பாத்திரங்கள் பரணுக்குப் போயின. கீரை, பருப்பு, ஒரு பொரியல், ஆளுக்குக் கொஞ்சம் சோறு. எல்லோருக்கும் அதுதான்.

“நடை?” என்று ஒரு காலையில் சிற்றம்பலம் ஆசையோடு கேட்டார்.

“அக்கா வந்தால் வருகிறேன்.”

“பாத்திரம் கிடக்குதே” என்றாள் செண்பகம்.

சிற்றம்பலம் பாத்திரத்தைப் பார்த்தார். குருவைப் பார்த்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

பெண்கள் இருவரும் குளக்கரையைச் சுற்றினார்கள். செண்பகம் கல்யாணமானதிலிருந்து பேசாமல் வைத்திருந்ததையெல்லாம் பேசிக்கொண்டே நடந்தாள். பேச்சு ஏற ஏற வேகமும் ஏறியது. மெய்யம்மைக்கு மூச்சு வாங்கியது.

“அக்கா, கொஞ்சம் மெதுவாக.”

“இன்னும் என் நாத்தனார் கதைக்கே வரலையே தாயே!” என்றாள் செண்பகம்.

குரு புறப்படும் நாள். எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அன்று ரசம் வைத்தது சிற்றம்பலம். செண்பகம் சோற்றைப் பிசைந்துகொண்டே, நிமிராமல் சொன்னாள்:

“ஏங்க, கொஞ்சம் ரசம் எடுத்துட்டு வாங்க.”

மகள் வாயருகே கொண்டுபோன கையை அப்படியே வைத்திருந்தாள். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் செண்பகத்தின் முகம் சிவந்தது. எழப் போனாள். மெய்யம்மையும் எழப் போனார்.

“உக்காருங்க! உக்காருங்க!” என்று சிற்றம்பலம் பாய்ந்தார். ரசத்தில் பாதி தரைக்குப் போனது. மீதி செண்பகத்தின் தட்டுக்கு வந்தது. அவள் அதை உறிஞ்சி, “உப்புப் போடல” என்றாள்.

“டாக்டர் குறைக்கச் சொன்னார்” என்றார் சிற்றம்பலம்.

“குறைக்கத்தான சொன்னாரு.”

சிற்றம்பலம் உப்பு ஜாடியை எடுத்து வந்தார்.

வாசலில் மெய்யம்மை செருப்பை மாட்டிக்கொண்டார். சிற்றம்பலம் பின்னாலேயே வந்தார். உள்ளே கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

“தாயே, நாளையிலிருந்து நீங்கள் இருக்க மாட்டீர்கள். கேட்டால் சாப்பிட்டாச்சு என்றுதான் சொல்வாள். அவள் நிஜமாகவே சாப்பிட்டாளா என்று எனக்கு எப்படித் தெரியும்?”

“இத்தனை நாளும் நான் சாப்பிட்டேனா என்று என்னை நீங்கள் கேட்கவே இல்லையே” என்றார் மெய்யம்மை. “எப்படித் தெரிந்தது?”

“பார்த்துக்கொண்டே இருந்தேனே” என்றார் சிற்றம்பலம். சொல்லிவிட்டு உள்ளே செண்பகத்தைத் திரும்பிப் பார்த்தார்.