மைத்துனன் விட்ட கயிறு

காதைப் பொத்திக்கொண்டு கேளுங்கள். இந்தக் கதையில் வருகிற தேனீ ஒவ்வொன்றும் நெல்லிக்காய்ப் பருமன். அது கூடு கட்டும் தூவான் பாறையில் தேன் எடுக்க இறங்குகிறவனின் கயிற்றை, மேலே நின்று அவன் மைத்துனன்தான் பிடிக்க வேண்டும். அந்த மலைக்காரர்களின் கட்டுப்பாடு அது. கயிறு நழுவினால் தாலி அறுப்பவள் மைத்துனனின் அக்காள் அல்லவா? அவன் விடமாட்டான். கூடப்பிறந்தவன் என்றால் பங்குக் காட்டுக்கு ஆசைப்பட்டு விட்டாலும் விடுவான். அதனால் அண்ணன் தம்பி யாரும் கயிற்றைத் தொடக்கூடாது.

பெள்ளன் இறங்கினான். மேலே கயிற்றோடு மைத்துனன் மாரசன். பெள்ளனின் அண்ணன் நஞ்சன், வழக்கப்படி, தூர நின்று கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

அவன் கையிலிருந்த தீப்பந்தத்தின் சூடு பட்டதும் தேனீக் கூட்டம் மேலே கிளம்பியது. மாரசன் ஒரு கொட்டுக்கூட வாங்கவில்லை, ஓடிவிட்டான். பெள்ளன் அண்ணாந்து பார்த்தபோது கயிற்றின் நுனியே அவனை நோக்கி வந்துகொண்டிருந்தது.

பாதிப் பாறையில் ஒரு விளிம்பு அவனைத் தாங்கிக்கொண்டது. விழுந்த வலியைவிட அந்த நுனியைப் பார்த்த வலிதான் பெரிது. காலையில் ஒரே தட்டில் களி தின்றவன் விட்ட கயிறு.

"பாறைச்சாமி, வந்து என் கூட உட்கார்" என்று கும்பிட்டான். "யார் உருவில் வந்தாலும் உனக்குரிய முதல் தேனை அந்த வாயில் வைக்கிறேன்."

பாறை பேசவில்லை. சாமியும் மாரசனோடு ஓடிவிட்டது என்று பெள்ளன் நினைத்துக்கொண்டான்.

அப்போது அறுந்த கொடி ஒன்றைப் பிடித்தபடி தொப்பென்று பக்கத்தில் வந்து விழுந்தான் நஞ்சன்.

"நீ எதுக்கு வந்தே அண்ணா?"

"கயித்தைத்தான் தொடக்கூடாதுன்னாங்க. விழக்கூடாதுன்னு யாரும் சொல்லலையே."

"ஏற வழி இருக்கா?"

"இருந்த கொடியும் கையோட வந்துடுச்சு. தள்ளி உட்கார்."

தன் கம்பளியைத் தம்பி தலையில் போர்த்திவிட்டு, கொட்டு முழுவதையும் தானே வாங்கிக்கொண்டு, போன வருஷத்துக் கரடிக் கதையை விட்ட இடத்திலிருந்து சொல்லத் தொடங்கினான். கரடி செத்து முடிவதற்குள் அவன் முகம் பலாப்பழமாகிவிட்டது.

கீழே கோயிலில் பூசாரி சொக்கன் பச்சைத் தழையைக் கொளுத்தினான். புகை ஏறியது, தேனீ கலைந்தது. பிறகு மாரசன் வேறு கயிற்றோடு திரும்பி வந்து, ஒற்றை ஆளாக இருவரையும் இழுத்துப்போட்டான். உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போயிற்று.

பெள்ளனின் இடுப்புக் கூடையில் ஒரு தேனடை மிஞ்சியிருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு, தான் கொடுத்த வாக்கை எல்லோருக்கும் சொல்லி, சாமிமுன் நின்றான்.

"என் புகை இல்லேன்னா நீ வெறும் எலும்பு. சாமி வந்தது என் கையில்" என்றான் பூசாரி.

"விட்டதும் நான்தான் மாமா, வந்ததும் நான்தான்" என்றான் மாரசன். "ஓடினவனைத் திருப்பினது சாமி இல்லாம யாரு?"

நஞ்சனுக்கு வாயே திறக்கவில்லை. பெள்ளனின் மனைவி சிக்கி, தன் தம்பியைத் திரும்பியும் பாராமல், "வாய் திறக்க முடியாதவருக்கு நான் பேசறேன். மூத்தாருக்குக் குடு" என்றாள்.

பூசாரி சிரித்தான். "நஞ்சன் போய் என்ன ஆச்சு? ஒருத்தனைத் தூக்க வேண்டிய இடத்துல ரெண்டு பேரைத் தூக்கினதுதான் மிச்சம்."

இப்போது நீங்கள் சொல்லுங்கள்: பெள்ளன் அந்தத் தேனை யார் வாயில் வைத்தால் சாமிக்குக் கொடுத்த வாக்குத் தப்பாது?

விடை: புகையும் கயிறும் உயிரைக் காத்தன. ஆனால் பெள்ளன் கேட்டது உயிரை அல்ல. கூட உட்கார ஓர் ஆளை. ஏற வழி உண்டா என்று பாராமல் வந்து உட்கார்ந்தவன் நஞ்சன் ஒருவன்தான். வீங்கிய அவன் உதட்டில் பெள்ளன் விரலால் தேனைத் தடவினான். பூசாரியைக் கும்பிட்டான். மாரசனின் கைக்குத் தானே பச்சிலை வைத்துக் கட்டினான். ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை. ஆனால் அன்று முதல், மேலே கயிற்றை யார் பிடித்தாலும், அவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டேதான் இறங்குகிறான்.