குழாயடியில் கொட்டிய கலவை

அரியலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் திலகவதி என்றொரு பேராசிரியை இருந்தார். அவரிடம் சவரிமுத்து என்றொரு சீடர். குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். அதைப் பற்றி இருவரும் கவலைப்பட்டதில்லை.

சவரிமுத்து சிமெண்டு ஆலையில் சூளைக்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுசு முழுக்கச் சுண்ணாம்புக்கல்லை எரித்து ஆகாயத்துக்குப் புகை அனுப்பியாயிற்று. சாவதற்குள் புகை குறைந்த சிமெண்டு ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்று கிளம்பி வந்திருந்தார்.

திலகவதி வழி சொன்னார். வழக்கமான சிமெண்டில் பாதியைக் குறைத்து, அந்த இடத்தில் அளவாகச் சுட்ட களிமண்ணும் சுடாத சுண்ணாம்புக்கல் பொடியும் சேர்த்தார்கள். கலவை இளஞ்சிவப்பாக வந்தது. சவரிமுத்து அதில் மணலும் ஜல்லியும் போட்டுக் கட்டிகளாக வார்த்து, இறுகியதும் தண்ணீர்த் தொட்டியில் இறக்கினார். மிஞ்சியதைப் பின்பக்கக் குழாயடிச் சேற்றில் கொட்டி, காலால் மிதித்துவிட்டு வந்தார்.

"இருபத்தெட்டாம் நாள் உடைச்சுப் பார்ப்போம்," என்றார் திலகவதி. "அன்னைக்கு எஞ்சினீயர் வர்றார். தாங்குச்சுன்னா உங்க ஊர்ல அவர் கட்டப்போற பள்ளிக்கூடத்துக்கு இந்தச் சிமெண்டுதான். இல்லைன்னா பழையதுதான்."

"தாங்கும் டீச்சர்."

"அதுவரைக்கும் தொடாதீங்க."

தொடாமல் இருக்கிற ஆளா அவர்? மூன்றாம் நாளே ஒரு கட்டியைத் திருட்டுத்தனமாக எடுத்து அழுத்தும் எந்திரத்தில் வைத்தார். பிஸ்கட்டாக நொறுங்கியது. அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. சில நாள் கழித்து இன்னொன்று. கொஞ்சம் தாங்கியது. சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் மற்றொன்று. இன்னும்தான் இருக்கிறதே என்று அடுத்தது.

எஞ்சினீயர் வந்த காலையில் சவரிமுத்து தொட்டிக்குள் கைவிட்டுத் துழாவினார். தண்ணீர்தான் அகப்பட்டது.

எஞ்சினீயர் கோபப்படவில்லை. "பரவாயில்லைங்க. நாளைக்கு அஸ்திவாரம் போட்டாகணும். வழக்கமான மூட்டைக்கே சொல்லிடறேன்," என்று போனை எடுத்தார்.

சவரிமுத்து திலகவதியிடம் திரும்பினார். "என் அவசரத்தால எல்லாம் கெட்டுது டீச்சர். நாலு வார்த்தை திட்டிடுங்க."

திலகவதி திட்டவில்லை. மூலையில் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்துக் கொடுத்தார். "குழாயடியில ஒரு பாளம் காலைத் தடுக்குது. அதைப் பேர்த்துப் போடுங்க."

"இப்பவா?"

"இப்பத்தான்."

அழுகையை அடக்கிக்கொண்டு போய் ஓங்கிக் குத்தினார். கடப்பாரை கணீரென்று எகிறியது. உள்ளங்கை விண்ணென்று தெறித்தது. மறுபடி குத்தினார். ஒரு சில்லுகூடப் பெயரவில்லை. என்ன கல் இது என்று குனிந்து சேற்றை வழித்துப் பார்த்தார். இளஞ்சிவப்பு.

கடப்பாரையை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். "டீச்சர்! நம்ம கலவை டீச்சர்!"

எஞ்சினீயர் போனை வைத்துவிட்டு எழுந்தார். துளைபோடும் எந்திரத்தால் பாளத்திலிருந்து உருளையாக ஒரு துண்டை அறுத்தெடுத்தார்கள். அழுத்தும் எந்திரத்தில் வைத்து மூன்று பேரும் முள்ளையே பார்த்தார்கள். முள் ஏறியது. பழைய சிமெண்டுக்கு உரிய கோட்டைத் தொட்டது. தாண்டியது. துண்டு அசையவில்லை. சவரிமுத்து எஞ்சினீயரின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பது இருவருக்குமே தெரியவில்லை. முள் இன்னும் வெகுதூரம் போன பிறகுதான் அது உடைந்தது.

"பள்ளிக்கூடத்துக்கு இதையே போடுவோம்," என்றார் எஞ்சினீயர்.

சவரிமுத்து உடைந்த துண்டைக் கையில் ஏந்தி, கண்ணில் நீர் வழியச் சிரித்தார். பிறகு அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"டீச்சர், கட்டியெல்லாம் பார்த்துப் பார்த்து வார்த்தேன். இதைச் சேத்துல கொட்டினேன். ஒழுகுற குழாய்த் தண்ணியைத் தவிர இதுக்கு நான் ஒண்ணுமே செய்யலையே. இதுக்கு மட்டும் எப்படி இந்தப் பலம் வந்துச்சு?"

"இதை ஒண்ணைத்தான் அண்ணே, நீங்க மறந்துட்டீங்க," என்றார் திலகவதி.