மாணிக்கத்தின் கறுப்புத் தம்பி

“மாணிக்கத்துக்கு உடன்பிறப்பு உண்டா?”

முன்னொரு காலத்தில், பேர் மறந்துபோன ஒரு நாட்டின் அரசர், தம் சபையின் விகடக்காரி ஆவுடையிடம் இப்படிக் கேட்டார்.

“உண்டு, அரசே. நீலமும் புட்பராகமும் அதே பிறவிதான். நிறம்தான் வேறு.”

பொக்கிஷ அதிகாரி திருமேனியார் இதற்கென்றே காத்திருந்தவர்போல எழுந்தார். கிரீடத்தை மெருகேற்றி வைப்பவர் அவர். “அப்படியானால் கிரீடத்து மாணிக்கத்துக்கு ஓர் உடன்பிறப்பை, தேங்காய் அளவில், உச்சிவேளைக்குள் கொண்டுவரட்டும். தவறினால் சபையில் பொய் சொன்ன தலை உருளட்டும்.”

அரசருக்கு விளையாட்டுப் பிடித்துப்போயிற்று. “ஆகட்டும்!”

தலை போகிறவரின் கண்ணெதிரிலேயே வாளைத் தீட்ட வேண்டும் என்பது அந்த நாட்டு வழக்கம். முற்றத்தில் கொலைக்களச் சேவகன் தீட்டத் தொடங்கினான். சர்ர்... சர்ர்... ஒவ்வோர் இழுப்புக்கும் ஆவுடையின் பிடரி கூசியது. பேச்சுக் கொடுத்தாலாவது நடுக்கம் அடங்குமா என்று பார்த்தாள்.

“இந்தச் சாணைக்கல் எங்கண்ணே கிடைச்சுது?”

“மாணிக்கம் தோண்டுற குழியிலதான், தாயி. கூடவே கிடக்கும். நிறங்கெட்ட சனியன்னு ஒதுக்கிப் போடுவாங்க. ஆனா இரும்பையே தின்னும்!”

ஆவுடை சட்டென்று எழுந்தாள். “அதைக் கொஞ்சம் குடுங்கண்ணே.”

தேங்காய் அளவிலிருந்த அந்தக் கல்லைச் சபை நடுவில் வைத்ததும் திருமேனியார் வயிறு குலுங்கச் சிரித்தார். “இந்தக் கரிக்கட்டையா?”

“சிவப்பாக இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே, ஐயா. இது குருந்தக்கல், மாணிக்கத்தின் கறுப்புத் தம்பி. வைரத்துக்கு மட்டுமே தலைவணங்கும் குடும்பம்.” படிகக் கிண்ணத்தில் கல்லின் முனையை இழுத்தாள். ஆழமாக ஒரு கோடு விழுந்தது. “இனி அண்ணனும் கீறட்டும்.”

“கிரீடக் கல்லையா? அபசாரம்!” என்று அலறினார் திருமேனியார்.

அரசர் கேட்கவில்லை. கிரீடத்திலிருந்த கல்லைக் கழற்றித் தாமே அழுத்தி இழுத்தார். கிண்ணத்தில் கீறலே இல்லை. கல்லின் முனைதான் தூளாக உதிர்ந்தது.

ஆவுடை உதிர்ந்த தூளை விரலால் தொட்டாள். பிறகு திருமேனியாரின் முகத்தைப் பார்த்தாள். வேர்வை தாடி வரை வழிந்திருந்தது.

“அரசே, கேட்ட தம்பியைக் கொண்டுவந்துவிட்டேன். உங்கள் கிரீடத்து அண்ணனைத்தான் காணோம். இது வெறும் கண்ணாடி.”

திருமேனியார் தடாலென்று விழுந்து, மடியிலிருந்து அசல் மாணிக்கத்தை எடுத்து நீட்டினார்.

“இவன் கண்ணெதிரில் தீட்டு!” என்று அரசர் கர்ஜித்தார். “ஆவுடை, உனக்கு என்ன பரிசு வேண்டும்? கேள், தருகிறேன்.”

பிடரியில் இன்னும் அந்தச் சத்தம் ஊர்ந்துகொண்டிருந்தது.

“அந்தச் சாணைக்கல் போதும், அரசே.”

“அதை உனக்குக் கொடுத்துவிட்டால் வாளை எதில் தீட்டுவது?”

“அதுதான் எனக்கும் தெரியவில்லை.”

அரசர் அவளை முறைத்தார். மீசை துடித்தது. பிறகு கிரீடம் சரியும்படி சிரித்தார். திருமேனியாரின் பதவி போயிற்று, கழுத்து தப்பியது.

ஆவுடை கல்லை மடியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். கொலைக்களச் சேவகன் அவளையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தான். பாதி தீட்டிய வாளை உறையில் போட்டுக்கொண்டு வெளியேறினான்.